களைக்கொல்லியும் களைக்கொத்தும்

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நாகர்கோவிலுக்குள் வரும் லாரிகளில் வெங்காய மூட்டை இல்லாத நாளைக் காண்பது அரிது. கோட்டாற்றுக் கடைகளிலும் வடசேரி கனகமூலம் சந்தையிலும் அப்டா மார்க்கெட்டிலும் வந்திறங்கும் அந்த மூட்டைகளை நம்பித்தான் நம் வீட்டு உள்ளித் தீயலும் மீன்குழம்புக்கு அரைக்கும் அரைப்பும் கல்யாணப் பந்தியின் சாம்பாரும் இருக்கின்றன. ஆயினும் நாஞ்சில் நாட்டு மண்ணில் வெங்காயம் சொல்லத்தக்க அளவில் விளைவதில்லை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி நனைக்கும் இந்த ஜில்லாவில், முதிரும் காலத்தில் வறண்ட காற்றையும் நீர் தங்காத நிலத்தையும் வேண்டி நிற்கும் அந்தப் பயிருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். கணவாய்க்கு அப்பால் ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரத்துக் கிணற்றுப் பாசனத் தோட்டங்களிலும், விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்துக் கரிசலிலும், இன்னும் வடக்கே திண்டுக்கல், பெரம்பலூர்ச் சீமைகளிலும் விளைந்துதான் அது நம்மிடம் வருகிறது.

அப்படியிருக்க, எங்கோ விளையும் வெங்காயத்தின் களையைப் பற்றி நாஞ்சில் நாட்டார் எதற்காகச் சிந்திக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கலாம். அதை நாம் உண்கிறோம் என்பதே போதுமான காரணம். அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. களையைக் கையால் பறிப்பதா, மருந்தால் கொல்வதா என்ற கேள்வி இன்று தோவாளை நெல்வயலிலும், குலசேகரத்து ரப்பர்த் தோட்டத்திலும், வாழை நிற்கும் ஒவ்வொரு விளையிலும் எழுந்திருக்கிறது. அந்தக் கேள்வியின் சகல பக்கங்களையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமானால் வெங்காயத் தோட்டத்தைப் பார்ப்பதே உத்தமம். ஏனெனில் களைக்கு இவ்வளவு எளிதில் தோற்றுப்போகும் பயிர் மிகக் குறைவு.

நெற்பயிர் தூர்கட்டிப் பரந்து, சில வாரங்களில் தன் நிழலாலேயே கீழே முளைக்கும் புல்லை ஒடுக்கிவிடும். வாழைக்கு அகன்ற இலை இருக்கிறது. பூசணிக்குக் கொடி இருக்கிறது. வெங்காயத்துக்கோ உள்ளீடற்ற குழலாக மேல்நோக்கி நிற்கும் தாளைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தத் தாளின் நிழல் எந்த விதையின் முளைப்பையும் தடுப்பதில்லை. அதன் வேர் மண்ணின் மேற்பரப்பிலேயே ஒரு சாண் ஆழத்துக்குள் நின்றுவிடுவதால், களை உறிஞ்சும் அதே நீரையும் அதே எருவையும்தான் அதுவும் நம்பி வாழ வேண்டியிருக்கிறது. ஒன்றரை அடி இடைவெளியில் பார் பிடித்து, அதன் இருபுறமும் நான்கு விரற்கடைக்கு ஒன்றாக ஊன்றும் சின்ன வெங்காயத்துக்கு ஆயுள் 70 முதல் 90 நாள் வரைதான். அதிலும் முதல் ஒரு மாதம் அது மிக மெதுவாக வளர்கிறது. அந்த மாதத்தில்தான் விவசாயி அடிக்கடி தண்ணீர் பாய்ச்சுகிறான். ஆட்டுக்கிடை போட்ட சத்தும் அடியுரமும் மண்ணில் நிரம்பியிருக்கின்றன. சாரணையும் குப்பைக்கீரையும் பருப்புக்கீரையும் அறுகும் கோரையும் பார்த்தீனியமும் இந்த உபசாரத்தை வெங்காயத்துக்கு முன்னதாகவே அனுபவித்துவிடுகின்றன. முதல் ஆறு வாரங்களுக்குள் களையை அடக்காமல் விட்டுவிட்டால், பின்னர் எவ்வளவு சிரத்தை எடுத்தாலும் பாதி விளைச்சல்கூடக் கைக்கு வராமற் போகலாம். வருவதும் கொட்டைப்பாக்களவு காயாக இருக்கும்.

வெங்காயத்தில் கைக்களை எடுக்கும் வேலையை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு, அதை வெறும் உடலுழைப்பென்று சொல்ல மனம் வராது. பாத்தியின் ஓரத்தில் குத்தவைத்திருக்கும் பெண் இடக்கையால் தாள்களை மெல்ல ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வலக்கையிலுள்ள களைக்கொத்தின் நுனியை இரண்டு காய்களுக்கு நடுவேயுள்ள இடுக்கில் செலுத்துகிறாள். ஒரு விரற்கடை தவறினால் காயின் தோளில் வெட்டு விழும். வெட்டு விழுந்த காய் பட்டறையில் அழுகும். அழுகல் அதோடு நிற்காமல் பக்கத்துக் காய்களுக்கும் பரவும். ஆகவே செடிக்கு மிக நெருங்கிய களையைக் கொத்தால் தொடாமல் விரலால் பிடுங்குகிறாள். அறுகை அறுந்துபோகாமல் கணுவோடு இழுக்க வேண்டும். கோரையைக் கிழங்கோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரமே மீண்டும் தலைகாட்டும். பருப்புக்கீரையையும் இளஞ்சாரணையையும் தனியே மடியில் சேர்த்துக்கொள்கிறாள். அன்றிரவு அது வீட்டில் கறியாகும். புல்லைக் கட்டிக்கொண்டு போனால் மாட்டுக்கு ஆகும். உழுதல், எருவிடல், களைகட்டல், நீர் பாய்ச்சல், காத்தல் என்ற ஐந்தையும் ஒரே குறளில் அடக்கிய வள்ளுவர், களைகட்டலை மற்ற நான்குக்கும் தாழ்ந்த வேலையாகக் கருதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. இது எவரும் மறுக்க முடியாத பிரத்தியட்ச உண்மை. நூறு நாள் வேலைத் திட்டம் வந்துதான் விவசாயத்துக்கு ஆள் இல்லாமற் போயிற்று என்று பண்ணைக்காரர்கள் சொல்வதைக் கேட்கிறோம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாமாயினும், முழு நியாயம் இல்லை. வெயிலில் குனிந்த முதுகோடு நாள் முழுவதும் உழைத்துவிட்டு, அதே வயலில் வரப்பு வெட்டும் ஆண் வாங்குவதைவிடக் குறைந்த கூலியோடு வீடு திரும்பிய பெண், தன் மகளை அந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்று தீர்மானித்ததை யார் குறை கூற முடியும்? நம் ஜில்லாவில் அந்த மகள்கள் முந்திரி ஆலைக்கும் ஜவுளிக் கடைக்கும் போயிருக்கிறார்கள். படித்தவர்கள் நர்ஸாகக் கடல் கடந்திருக்கிறார்கள். அது அவர்களுடைய அபிவிருத்தி; அதை நாம் வரவேற்க வேண்டும். ஆயினும் களை முளைப்பது எவருடைய அபிவிருத்திக்காகவும் காத்திருப்பதில்லை. உரிய வாரத்தில் உரிய எண்ணிக்கையில் ஆள் கிடைக்காத விவசாயி மருந்துக்கடையை நோக்கி நடப்பது இயல்பே. அவனைக் குற்றவாளியாக நிறுத்தி எழுதப்படும் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை.

கடையில் அவனுக்குக் கிடைப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். களைக்கொல்லி என்ற ஒரே சொல்லுக்குள் தன்மையால் வெவ்வேறான பொருள்கள் அடங்கிக் கிடப்பதை அறியாததால்தான் பெரும்பாலான விபரீதங்கள் நேருகின்றன. வெங்காயத்துக்கு முதலில் பயன்படுவது, களை முளைப்பதற்கு முன்பே மண்ணின்மேல் தெளிக்கும் மருந்து. பெண்டிமெத்தலின் அந்த வகையைச் சேர்ந்தது; கையில் பட்டால் எளிதில் போகாத மஞ்சள் கறையுண்டாக்கும் திரவம். ஈரமான மண்ணின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, முளைவிடும் விதையின் வேரிலும் குருத்திலும் அணுக்கள் பிளந்து பெருகுவதை அது தடுத்துவிடுகிறது. மண்ணோடு இறுகப் பற்றிக்கொள்ளும் குணமுடையதால் எளிதில் ஆழத்துக்கு இறங்குவதில்லை. படலத்துக்குக் கீழே ஊன்றப்பட்டிருக்கும் வெங்காயக் காய் தப்பித்துக்கொள்கிறது. ஆக்சிபுளோர்பென் இன்னொன்று, அதன் வேலைக்குச் சூரிய வெளிச்சம் வேண்டும். அளவு மிஞ்சினாலும், தாளின் மேல் மெழுகுப்பூச்சு முற்றுவதற்குள் பட்டாலும், வெங்காயத் தாளிலேயே வெண்புள்ளிகளையும் நுனிக் கருகலையும் உண்டாக்கும். மூன்றாவது வகை, க்விசாலோபாப் முதலியன. இவை களை முளைத்த பின்பு தெளிப்பவை. புல்லினத்தை மட்டும் கொல்லும். சாரணையையும் குப்பைக்கீரையையும் தொடா. கோரை புல்லாகத் தோன்றினாலும் புல்லினம் அன்றாகையால் அதுவும் இவற்றுக்கு அடங்குவதில்லை. இந்த ஒரு சங்கதி தெரியாமல், கோரை மண்டிய தோட்டத்தில் புல்மருந்தை இருமுறை மும்முறை அடித்துப் பணத்தையும் காலத்தையும் இழந்தவர்கள் அநேகர்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெங்காயத்துக்கு வகுத்துள்ள கிரமம் எளிமையானது. ஊன்றிய மூன்றாம் நாள் அளவில், மண்ணில் ஈரம் இருக்கும்போது, ஹெக்டேருக்கு 1 கிலோ மருந்துச்சத்து வரும்படி பெண்டிமெத்தலின் தெளிக்க வேண்டும். 30 சதவீதச் சரக்கானால் அது 3.3 லிட்டர், ஏக்கருக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர். பின்பு 40, 45ஆம் நாள் வாக்கில் ஒருமுறை கைக்களை எடுக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டே வாக்கியங்களுக்குள் ஓர் ஆழ்ந்த விவேகம் இருக்கிறது. ஆள் மிக அதிகமாகத் தேவைப்படுவதும், ஆள் மிக அரிதாகக் கிடைப்பதும், களை மிகச் சிறியதாகையால் பிடுங்குவது மிகக் கடினமாக இருப்பதுமான முதற்களையை மருந்திடம் ஒப்படைத்துவிட்டு, மருந்துக்குத் தப்பியவற்றைக் கண்ணால் கண்டு தெரிந்தெடுக்க வேண்டிய இரண்டாம் களையை மனிதக் கைக்கே விட்டுவைக்கிறது அந்த முறை. மருந்து அடிக்கும் நாளுக்கும் அறுவடை நாளுக்கும் நடுவே இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி விழுவதால், உண்பவனுடைய கவலையும் பெருமளவு குறைகிறது. தப்பிப் பிழைத்த களை பூத்து விதை உதிர்ப்பதற்குள் பிடுங்கப்படுவதால், மருந்துக்கு அடங்காத சந்ததி அந்த நிலத்தில் பெருகுவதும் தடைப்படுகிறது. இந்தக் கடைசி லாபம் அற்பமானதன்று. ஹரியாணா, பஞ்சாப் கோதுமை வயல்களில் ஆண்டுதோறும் ஒரே மருந்தை நம்பியிருந்ததன் பலனாக, பலாரிஸ் என்ற புல் ஐசோபுரோட்டூரானுக்கு அடங்காமற் போய், 1990களில் அங்குள்ள விவசாயிகளைத் திகைக்க வைத்த சரித்திரம் நம் முன்னே இருக்கிறது.

நடைமுறையில் அந்தக் கிரமத்தின் முதற்பாதியை ஏற்று, இரண்டாம் பாதியைக் கைவிட்டுவிட்டோம். நாற்பதாம் நாளில் கைக்களைக்குப் பதிலாக இன்னொரு டப்பா வருகிறது. அது போதவில்லையென்றால் இரண்டு மருந்துகளைக் கலந்த மூன்றாவது டப்பா வருகிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று இருந்த அளவு டேங்குக்கு இத்தனை மூடி என்று மாறுகிறது. டேங்குக்கு மூடிக் கணக்கில் ஊற்றுகிறவனுக்கு, ஓர் ஏக்கருக்கு எத்தனை டேங்கு போயிற்று என்ற கணக்கு இருப்பதில்லை. நடப்பவன் வேகமாக நடந்தால் மருந்து குறைகிறது, மெதுவாக நடந்தால் மிஞ்சுகிறது. பூச்சிமருந்துக்குரிய கூம்பு முனையையே களைமருந்துக்கும் பொருத்திக்கொண்டு காற்றுக்கு எதிரே அடிக்கிறார்கள். விசிறியாக விரியும் தட்டை முனையைப் பொருத்தி, தெளித்த படலத்தை மிதித்துக் கலைக்காமல் பின்னோக்கி நடந்து அடிக்க வேண்டும் என்ற சாமானிய விதி, களைக்கொல்லி வாங்கும் பத்துப் பேரில் எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது? களைமருந்து அடித்த அதே தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் அடுத்த நாள் மிளகாய்க்குப் பூச்சிமருந்து அடித்து, செடி சுருண்டதற்குக் காரணம் தெரியாமல் தவிப்பவர்களையும் காண்கிறோம். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் வெங்காயத்தோடு மிளகாயும் மல்லியும் விதைப்பது வழக்கம். வெங்காயத்துக்கு ஆகும் மருந்து மல்லிக்கு ஆகுமா என்று கேட்டுச் சொல்ல அந்த வயலில் யாரும் இல்லை.

இங்கேதான் என் வாதத்தின் உயிர்நிலை இருக்கிறது. மனிதனுக்கு நோய் வந்தால் வைத்தியர் சீட்டு எழுதுகிறார்; மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்து மருந்து கொடுக்கிறார். எழுதுகிறவருக்கு விற்பனை லாபம் இருக்கலாகாது என்பது அந்த ஏற்பாட்டின் தர்மம். நிலத்துக்கு வரும் நோயில் மட்டும் எழுதுகிறவரும் கொடுக்கிறவரும் ஒருவரே. பிடுங்கிய களையைக் கையில் கொண்டுவந்து காட்டும் விவசாயிக்கு, எந்த டப்பா கையிருப்பில் இருக்கிறதோ, எதற்குக் கம்பெனி கழிவு அதிகம் தருகிறதோ, அது பரிகாரமாகச் சொல்லப்படுவதற்கு எல்லாச் சந்தர்ப்பமும் இருக்கிறது. கடைக்காரர்கள் எல்லோரும் மனமறிந்து தவறு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுள் பலர் கடனுக்கு மருந்து கொடுத்து விவசாயியைக் காப்பாற்றுகிறவர்கள். ஆனால் அந்தக் கடனே அவனுடைய கையைக் கட்டிப்போட்டும் விடுகிறது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழுள்ள விதிகளைத் திருத்தி, விற்பனையாளருக்கு விவசாயம், ரசாயனம், தாவரவியல் முதலியவற்றில் கல்வித் தகுதி வேண்டும் என்று மத்திய அரசு நிர்ணயித்தது. ஹைதராபாத்திலுள்ள மேனேஜ் நிறுவனம் 2003 முதல் இடுபொருள் விற்பனையாளருக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பை நடத்திவருகிறது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆயினும் படித்த விற்பனையாளரும் விற்பனையாளரே. அறிவு கூடுவதனால் லாபநஷ்டத்தின் இழுப்பு அற்றுப்போவதில்லை.

இனி நம் வயலுக்கு வருவோம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீரை நம்பிக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளையும் நாஞ்சில் நாட்டு நெல்வயலில், ஒரு காலத்தில் களை பறிப்புக்கு ஊரே திரண்டுவரும். இன்று நடவு முடிந்த மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள், ஹெக்டேருக்கு 50 கிலோ உலர்ந்த மணலில் பியூட்டாகுளோரைக் கலந்து, வயலில் மெல்லிய நீர்த்தகடு நிற்கும்போது வீசிவிட்டு, இரண்டு நாள் தண்ணீரை வடிக்காமல் நிறுத்த வேண்டும் என்பது முறை. இதில் இரண்டு இடத்தில் ஆபத்து காத்திருக்கிறது. முதலாவது, நாற்று நடாமல் தொளியில் நேரே விதைத்த வயலுக்கு இந்த மருந்து ஆகாது. முளைக்கும் நெல்லையும் முளைக்கும் களையையும் அது பிரித்தறிவதில்லை. அங்கே நெல்லைக் காக்கும் துணைப்பொருள் சேர்த்த பிரெட்டிலாகுளோரைத்தான் பயன்படுத்த வேண்டும். நடவுக்கு ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்பு பெருகிவரும் இக்காலத்தில் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் மருந்தை விற்பது ஒரு போகத்தையே பறித்துவிடும். இரண்டாவது, தண்ணீரை நிறுத்தாமல் வடிய விடுவது.

வெங்காயத் தோட்டம் மேட்டு நிலம். அங்கே தெளித்த மருந்து பெரும்பாலும் அந்த மண்ணிலேயே தங்கி அழிகிறது. நாஞ்சில் நாடு அப்படிப்பட்டதன்று. ஒரு வயலின் மடையிலிருந்து அடுத்த வயலுக்கும், அந்த வயலிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து குளத்துக்கும் பழையாற்றுக்கும், கடைசியில் மணக்குடிக் காயலுக்கும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. பியூட்டாகுளோர் மீனுக்கும் தவளைக்கும் நஞ்சு என்பது ஆராய்ச்சிகளால் நிலைநாட்டப்பட்ட உண்மை. தோவாளை மடையில் அவசரப்பட்டுத் திறந்துவிட்ட தண்ணீர் தேரூர்க் குளத்தில் போய்ச் சேருவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. சுசீந்திரம், தேரூர்க் குளங்களை 2022இல் ராம்சார் ஸ்தலமாக உலகமே அங்கீகரித்துவிட்டது என்று நாம் சந்தோஷப்பட்டோம். அந்தக் குளங்களுக்கு வந்திறங்கும் நாரைகளும் வாத்துகளும் தின்பது நம் வயல் தண்ணீரில் வாழும் மீனையும் தவளையையும் நத்தையையும் புழுவையும்தான் என்பதை அந்தச் சந்தோஷத்தோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

வாழை, ரப்பர்த் தோட்டங்களில் நடப்பது இன்னும் கவலைக்குரியது. அங்கே புழங்குவது கிளைபோசேட். பச்சையாக இருக்கும் எதன்மேல் பட்டாலும் வேர்வரை இறங்கிக் கொல்லும் மருந்து அது. நம் தேசத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட பதிவு தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடங்களுக்கும் மட்டுமே. வாழைக்கும் ரப்பருக்கும் அன்று. லியோனிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015 மார்ச்சில் அதை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் மிகுந்த பொருள்களின் வரிசையில் சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பிய அரசாங்க அமைப்புகள் அந்த அபிப்பிராயத்தை ஏற்கவில்லை. விவாதம் இன்னும் தீரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருவல்லாவுக்கு அருகே நெல்வயலில் பூச்சிமருந்து தெளித்த தொழிலாளர் இருவர் இறந்ததை அடுத்து, கேரள அரசு 2019இல் கிளைபோசேட்டைத் தடை செய்தது. பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு அனுமதி பெற்ற தெளிப்பாளர்களைத் தவிர வேறு எவரும் அதைப் பிரயோகிக்கலாகாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. அந்த உத்தரவு நம் கிராமங்களில் எந்த அளவுக்கு உயிரோடு இருக்கிறது என்பதை அறிய எந்த வாழைத் தோட்டத்து வரப்பையும் போய்ப் பார்க்கலாம். மற்ற இடமெல்லாம் பச்சையாக இருக்க, வரப்பு மட்டும் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடக்கும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தடை, இந்தப் பக்கம் விற்பனை என்றால், எல்லையோர விவசாயிக்கு அந்தத் தடை எந்த அளவுக்குத் தடை?

இவ்வளவும் சொன்னபின், ரசாயனத்தையே அடியோடு ஒழித்துவிடுவதுதானே என்று கேட்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அண்டை நாட்டு அனுபவம் நமக்குப் பாடமாக வேண்டும். இலங்கை 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் அந்தத் தடையைத் தளர்த்த நேர்ந்தது. 2021இல் ரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே உத்தரவால் நிறுத்தினார்கள். நெல்லும் தேயிலையும் வீழ்ந்து, விவசாயிகள் தெருவுக்கு வந்து, அதே ஆண்டு நவம்பரில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் தலைமுறை தலைமுறையாகச் சின்ன வெங்காயம் விளைவித்த தமிழ் விவசாயிக்கு, மாற்று வழியைக் காட்டாமலே கையிலிருந்ததைப் பறித்த நடவடிக்கை அது. மருந்தை நிறுத்தும் உத்தரவு ஒரு நாளில் வெளியாகலாம். மருந்து செய்துவந்த வேலையைச் செய்யும் கையும் கருவியும் ஒரு நாளில் உண்டாவதில்லை.

அந்தக் கையையும் கருவியையும் உண்டாக்குவதில் நாம் காட்டிய அசிரத்தைதான் என்னை மிகவும் வருத்துகிறது. கோடையில் ஆழ உழுது கோரைக் கிழங்கை வெயிலுக்குக் காட்டுவது பழைய வித்தை. டிராக்டர் வாடகை ஏறியதால் பலர் அதை விட்டுவிட்டார்கள். ஊன்றுவதற்கு முன் ஒருமுறை தண்ணீர் பாய்ச்சி, முளைத்த களையை மேலாக உழுது அழித்துவிட்டுப் பின்பு ஊன்றுவது, பத்து நாளைச் செலவழித்துப் பாதிக் களையை மிச்சப்படுத்தும் உபாயம். நன்றாக மக்காத தொழுவுரத்தோடு களை விதையையும் சேர்த்தே வயலுக்குக் கொண்டுபோகிறோம் என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். பார் பிடித்த வெங்காயத்தின் வரிசைகளுக்கு நடுவே நின்றபடியே தள்ளிச் செல்லும் சக்கரக் களைக்கருவியும், வரிசை நடவு செய்த நெல்லுக்குக் கோனோவீடரும் உண்டு. இவை அபூர்வப் பொருள்கள் அல்ல. பெண்ணின் கைக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி எடை குறைத்துச் செய்து, கூலிக்கு வருகிறவளே சொந்தமாக வைத்துக்கொள்ளும்படி மானியத்தில் கொடுத்தால், குனிந்து செய்த வேலையை நிமிர்ந்து செய்யலாம். ஒரு நாளில் செய்யும் பரப்பும் கூடும். கூலியையும் அதற்கேற்ப உயர்த்திக் கேட்க அவளுக்கு உரிமை பிறக்கும். களைகட்டலைத் தொழில்நுட்பம் தெரிந்தவருடைய வேலையாக மதித்துக் கூலி கொடுக்கும் நாளில் ஆள் கிடைக்கும் என்பது என் திடமான நம்பிக்கை.

மருந்து அடிக்கிறவனையும் மறந்துவிடலாகாது. டப்பாவின் மேலுள்ள முக்கோணத்தின் நிறம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பது அதன் நஞ்சின் கடுமையைக் காட்டுகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டின் எழுத்தோ கண்ணாடி போட்டவர்களும் வாசிக்க முடியாத பொடியெழுத்து. பாராகுவாட் என்ற களைக்கொல்லி ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரலைக் கெடுத்து உயிரைக் குடிக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அத்தகைய பொருளை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரத்தோடும் வெறுங்கையோடும் வெறுங்காலோடும் ஒருவன் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தும் பாராததுபோல் நாம் போகிறோம். கையுறையும் காலணியும் முகக்கவசமும் மருந்தோடு சேர்த்தே விற்கப்பட வேண்டியவை. அவற்றின் விலையைக் கம்பெனிகளே ஏற்க வேண்டும் என்று கேட்பதில் அநியாயம் ஒன்றுமில்லை.

திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒன்பது ஒன்றியங்களிலும் வேளாண்மை விரிவாக்க மையங்கள் இருக்கின்றன. விற்பனையில் ஒரு காசு லாபமும் இல்லாத விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் அங்கே சம்பளம் வாங்குகிறார்கள். விவசாயி களையைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டினால், பயிர், அதன் வயது, களையின் பெயர், மருந்தின் பெயர், ஏக்கருக்கு அளவு, தெளிக்கும் முனை, கைக்களை எடுக்க வேண்டிய நாள் இவ்வளவையும் தமிழில் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு சீட்டை அவர்கள் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் களைக்கொல்லி விற்கலாகாது. வருகிற கன்னிப்பூ விதைப்புக்கு முன்பாகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஒன்றியங்களிலாவது இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தையும் வேளாண்மைத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரையில் மருந்து வாங்கும் ஒவ்வொரு விவசாயியும் கடையில் ரசீது கேட்டு வாங்குவதோடு, டப்பாவில் தன் பயிரின் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.